அஞ்சலி ஃபோல்டருக்குப் பூட்டு

கீழ்வேளூர்க் கடைத்தெருவில் பஞ்சநதத்தின் பிளக்ஸ் கடை. கம்ப்யூட்டர்கள் மூன்று, எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒரே ஃபோல்டர். கல்யாணம், காதுகுத்து, நண்பர்கள், அஞ்சலி எல்லாம் அதற்குள்தான். யார் வேண்டுமானாலும் திறக்கலாம், எடுக்கலாம், இடம் மாற்றலாம். சத்திரம் மாதிரி திறந்து கிடந்ததில் இத்தனை நாள் ஒரு வில்லங்கமும் வந்ததில்லை. போன வாரம் வந்தது.

இந்தப் பக்கத்துக் கல்யாண பிளக்ஸில் மாப்பிள்ளையைவிட அவன் கூட்டாளிகளுக்குத்தான் இடம் அதிகம். கூலிங்கிளாஸும் கும்பிட்ட கையுமாக அடியில் வரிசைகட்டி நிற்பார்கள். எல்லாக் கல்யாணத்துக்கும் அதே கூட்டம்தான் என்பதால், முகங்களைத் தனியாக வெட்டி 'நண்பர்கள்' ஃபோல்டரில் போட்டுவைப்பது கடை வழக்கம். புதிதாகச் சேர்ந்த பூமிகாவுக்கு ஆள் அடையாளம் தெரியாது. படகுக்காரர்கள் கல்யாணம் ஒன்றுக்கு அங்கிருந்த முகங்களை மொத்தமாக அள்ளி வைத்துவிட்டாள். அந்த வரிசையில் மனோகரனும் சிரித்துக்கொண்டிருந்தான். கடலுக்குப் போய் இரண்டு வருஷமாகத் திரும்பாதவன்.

பெண்ணின் தாய்மாமன் மண்டப வாசலிலேயே கத்தியால் பிளக்ஸைக் கிழித்தார். செத்தவன் முகத்தைக் கல்யாண வாசலில் கட்டுவதா என்று அவர் கேட்டதில் நியாயம் இல்லாமல் இல்லை. பஞ்சநதம் கைகூப்பி மன்னிப்புக் கேட்டு வேறு அடித்துக் கொடுத்தார்.

அஞ்சலியில் இருக்க வேண்டிய முகம் நண்பர்களுக்குள் எப்படி வந்தது என்று பூமிகாவுக்குப் புரியவில்லை. கடையில் பழைய ஆளான சௌந்தரநாயகிக்குப் புரிந்தது. மனோகரன் அவள் புருஷன். உடல் கிடைக்கவில்லை. போன வருஷம் மாமியார் மகனுக்குக் காரியம் முடித்து, இதே கடையில் அஞ்சலி பிளக்ஸும் அடித்துப் போனாள். சௌந்தரநாயகி தாலியைக் கழற்றச் சம்மதிக்கவில்லை. படத்தையும் அங்கே இருக்க விடவில்லை. யாரும் பார்க்காதபோது நண்பர்களுக்குள் நகர்த்துவாள். பஞ்சநதம் கண்டால் திரும்ப அஞ்சலிக்குள் வைப்பார். அவள் மறுபடி நகர்த்துவாள். அவருக்குத் தெரியாமல் இருந்திருக்காது. கேட்டதில்லை, அவ்வளவுதான்.

இன்று நாகப்பட்டினத்திலிருந்து மதிவாணன் வந்திருந்தான். ஆளுக்கொரு பாஸ்வேர்ட், ஆளுக்கேற்ற அனுமதி என்று ஃபோல்டர்களைப் பூட்டுவது அவன் வேலை.

"எது எங்க இருக்கணுமோ பிரிச்சு வச்சிருங்கக்கா," என்று சௌந்தரநாயகியிடம் சொன்னான். "அஞ்சலிக்குள்ள போனது, பர்மிஷன் இல்லாதவங்க கண்ணுலயே படாது."

எல்லாவற்றையும் பிரித்தாள். மனோகரன் மட்டும் மிச்சம். உள்ளே வைத்தால் செத்தவன், வெளியே விட்டால் இருக்கிறவன்.

கிழிந்த பிளக்ஸிலிருந்து மகன் முகத்தை மாமியார் பொறுக்கிக்கொண்டு வந்தது நினைவுக்கு வந்தது. கத்தி கன்னத்துக்குக் குறுக்கே போயிருந்தது. துண்டுகளை மடியில் போட்டுப் பொருத்திக்கொண்டே, "காரியம் பண்ணி அனுப்பிவச்ச புள்ளையை நடுத்தெருவுல வெட்டிட்டாங்களேம்மா," என்றாள். அவனை அங்கே கொண்டுபோய் நிறுத்தியது யார் என்று அவளுக்குத் தெரியாது. அன்றைக்குச் சௌந்தரநாயகிக்குச் சோறு இறங்கவில்லை. தன்மேலேயே வெறுப்பாக இருந்தது.

படத்தை இழுத்து அஞ்சலிக்குள் வைத்தாள்.

பஞ்சநதம் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். "தம்பி, அஞ்சலிக்கு என் பேரோட சௌந்தரநாயகி பேரையும் சேத்துரு," என்றார். "எப்பவாச்சும் பாக்கணும்னு தோணும்."

"வேண்டாண்ணே," என்றாள் அவள். "பாத்தா வெளிய எடுத்துருவேன். இத்தனை நாளும் எடுத்தது நான்தான்."

மதிவாணன் மெல்லச் சொன்னான்.

"பாக்க மட்டும் குடுக்கலாம்க்கா. எடம் மாத்த முடியாது."

"பாக்க முடிஞ்சா காப்பி எடுக்க முடியுமில்ல தம்பி?"

"முடியும்க்கா."

"அப்ப அதுவும் வேண்டாம்."

அவன் அவள் பெயருக்கு நேரே இருந்த டிக்கை எடுத்தான். சரியாகப் பூட்டியிருக்கிறதா என்று அவள் கம்ப்யூட்டரில் பார்க்கச் சொன்னான். திறந்தாள். கல்யாணம் இருந்தது, காதுகுத்து இருந்தது, நண்பர்கள் இருந்தார்கள். அஞ்சலி இல்லை.

"சரியா இருக்கு தம்பி," என்று சொல்லிவிட்டுத்தான் அழுதாள். இந்த இரண்டு வருஷத்தில் அவனுக்காக அவள் அழுதது அதுதான் முதல் தடவை.