வேலை ஓடும் வாரங்கள்

மகள் நல்ல பிள்ளை என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். பள்ளிக்கூடத்தில் சொன்னதை மட்டும் சொன்னால் டாக்டர் தப்பாக நினைத்துக்கொள்வார். வேலையில் எவ்வளவு கெட்டிக்காரி என்று சொல்ல வேண்டும். ஆசிரியை மேல் பையை எறிந்ததைச் சொல்ல வேண்டுமா? கேட்டால் சொல்லலாம்.

மருத்துவமனைப் பெஞ்சில் உட்கார்ந்து அவள் இதையே மனதுக்குள் ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். சும்மா இருக்கப் பழகாத கை, துணிப்பையின் ஓரத்தில் நீட்டிக்கொண்டிருந்த நூலைத் தேடிக் கிள்ளியது. வீட்டில் அவள் செய்வதும் அதுதான். தொழிற்சாலையிலிருந்து கட்டுக் கட்டாக வரும் சட்டைகளுக்குப் பொத்தான் தைத்துப் பிசிறு வெட்டிக் கொடுப்பாள்.

பத்து வயது மகள் வாசலில் நின்ற காவலாளியைப் பேச்சில் பிடித்து வைத்திருந்தாள்.

"அங்கிள், எதுக்கு எல்லாச் சுவரும் அழுக்குக் கலர்ல இருக்கு? நான் இந்த ஆஸ்பத்திரிய வாங்கினதும் மஞ்சள் அடிச்சிடுவேன். உங்களுக்குச் சுத்துற நாற்காலி."

"எப்பம்மா வாங்கப்போற?"

"அடுத்த வாரம்."

"அதுவரைக்கும் நின்னுக்கிட்டே இருக்கேன், என்ன பண்றது" என்றார் அவர். வரிசையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். மகள் நிறுத்தவில்லை. கூரைக்கும், மின்விசிறிக்கும், வந்துபோகிறவர்களுக்கும் நிறம் சொல்லிக்கொண்டே போனாள். குரல் ஏறியது. ஒவ்வொருவராகச் சிரிப்பதை விட்டுவிட்டு வேறு பக்கம் பார்த்தார்கள்.

காலையில் புறப்படும்போது கணவன் வண்டிச் சாவியைத் தேடியபடியே கேட்டிருந்தான்: "ஊர்ல பிள்ளைங்க செல்போனே கதின்னு கிடக்குது. நம்ம பிள்ள உக்காந்து வேலை செய்யுதுன்னு நீ ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறியா?"

பள்ளியில் ஓரிடத்தில் உட்காரவில்லை என்றுதான் முதலில் தெருமுனை டாக்டரிடம் காட்டினார்கள். கவனக் குறைபாடு என்றார், மாத்திரை கொடுத்தார். அதற்குப் பிறகு மகள் தூங்குவதே அரிதாகிவிட்டது. பிறகுதான் பை பறந்தது. சரிசெய்துகொண்டு கூட்டி வாருங்கள் என்று பள்ளி அனுப்பிவிட்டது.

உள்ளே இருந்த பெண் டாக்டர் மகளோடு கொஞ்ச நேரம் பேசிவிட்டு, நர்ஸோடு அவளை வெளியே அனுப்பினார்.

"எப்படித் தூங்குறா?"

"தூங்கலைன்னாலும் களைப்பே கிடையாதுங்க டாக்டர். விடிய விடிய எங்கூட உக்காந்து பொத்தான் தைப்பா. எனக்குக் கண்ணு சொருகும், இவ பாடிக்கிட்டே தைப்பா." சொல்லும்போது அவள் முகத்தில் தானாகவே பெருமை வந்தது. தொழிற்சாலையிலிருந்து சட்டைகளைக் கொண்டுவரும் கட்டுக்காரர்கூட மகளைப் பம்பரம் என்றுதான் கூப்பிடுவார்.

டாக்டர் எழுதுவதை நிறுத்தினார். "எப்பவுமே இப்படித்தானா?"

"எப்பவும் இல்லீங்க. விட்டு விட்டு வரும். வந்தா ஒரு வாரம், பத்து நாள் வேலை நல்லா ஓடும். அப்புறம் படுத்துடுவா."

"படுத்துடுவான்னா?"

இதை அவள் முந்தைய டாக்டரிடம் சொன்னதில்லை. பள்ளிக்குக்கூடக் காய்ச்சல் என்றே சொல்லி அனுப்புவாள். "சுவர் பக்கம் திரும்பிப் படுத்துக்குவா. தலை வாரவும் விடமாட்டா. சோறு வச்சா வச்ச மாதிரியே இருக்கும். ஒரு தடவை, என்னை எதுக்கும்மா பெத்தேன்னு கேட்டா."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"சோம்பேறித்தனம் பண்ணாதேன்னு சொன்னேன்."

டாக்டர் அவளைத் திட்டவில்லை. நாற்காலியைச் சற்று முன்னால் இழுத்துக்கொண்டார். "கவனக் குறைபாடு லீவு போடாதும்மா. நேத்தும் இருக்கும், இன்னிக்கும் இருக்கும். இவளுக்கு மனசு ஏறுது, இறங்குது. தூக்கம் குறையுது, ஆனா களைப்பில்ல. அதனால இது பைபோலாரா, மனநிலை மாறி மாறி வர்ற நோயா இருக்கலாம்னு நினைக்கிறேன். சின்னப் பிள்ளைங்ககிட்ட ரெண்டும் ஒண்ணு போலத் தெரியும், சேர்ந்தும் இருக்கலாம். அவசரப்பட்டுப் பேர் வைக்க வேணாம், கூட இருந்து பார்ப்போம். அந்த மாத்திரைய நிறுத்திட்டு வேற தரேன். முக்கியமா நேரத்துக்குத் தூங்கணும். கண்ணு முழிச்சு வேலை செய்யவே கூடாது."

"அவளுக்கு அது பிடிச்சுத்தான் செய்யறா டாக்டர்."

"பிடிச்சுத்தான் செய்வா. அதுவும் இந்த நோய்ல ஒரு பங்கு."

பேருந்தில் மகள் ஜன்னலுக்கு வெளியே ஓடிய பெயர்ப்பலகைகளையெல்லாம் உரக்கப் படித்துக்கொண்டு வந்தாள். தாய்க்கு அந்த வாரங்கள் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. வீட்டில் எல்லோரும் சிரித்திருந்த வாரங்கள் அவை. கூடுதல் கட்டு எடுத்தது, கணவனின் வண்டித் தவணை தவறாமல் போனது, மகளின் தலையை வருடி 'என் ராசாத்தி' என்றது, எல்லாமே பிள்ளைக்கு நோய் ஏறியிருந்த நாட்களில்.

வீட்டு வாசலில் கட்டுக்காரரின் வண்டி நின்றிருந்தது. கணவனும் அவரும் பேசிக்கொண்டிருந்தார்கள். டாக்டர் சொன்னதை அவள் பேருந்திலிருந்தே போனில் கணவனிடம் சொல்லியிருந்தாள்.

"வா தங்கச்சி. அவசர ஆர்டர். ரெண்டு கட்டு இறக்கிட்டேன், நாளைக்குக் காலைல வேணும். பம்பரம் சுத்துதா?"

"சுத்துது அங்கிள்! மூணாக் குடுங்க!" மகள் கட்டின் மேல் விழுந்து முடிச்சை அவிழ்த்தாள்.

"ஒண்ணு போதும்ணே. என்னால முடிஞ்சதத் தரேன்."

"உன் வீட்டுக்கு ரெண்டு ஆளுன்னுதானே கணக்கு வச்சிருக்கேன்? எடுத்தா ரெண்டு, இல்லைன்னா ஒண்ணும் கிடையாது. சீசன்ல கைவிடுறவங்ககிட்ட அப்புறம் நான் வர்றதில்ல, தெரியுமில்ல?"

"இன்னிக்கு ஒரு ராத்திரிதானே" என்றான் கணவன், அவளைப் பார்க்காமல். "மாத்திரைய நாளைலேருந்து ஆரம்பிச்சா ஆகாதா?"

அதற்குள் பக்கத்து வீட்டுக் கதவு திறந்திருந்தது. இரண்டு சிறுமிகள் படியில் வந்து நின்றார்கள். பெரியவள் கையில் பிசிறு வெட்டும் கத்தரிக்கோல் இருந்தது. கட்டுக்காரர் அவர்களை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, "பிள்ள ஆசையாக் கேக்குது தங்கச்சி" என்றார். குரலில் கோபமில்லை.

மகள் நூல் கோத்த ஊசிகளை எடுத்துவந்து, எப்போதும் செய்வதுபோல் தான் போட்டிருந்த சட்டையின் முன்பக்கத்தில் வரிசையாகக் குத்திக்கொண்டிருந்தாள். கண்கள் பளபளத்தன. "அம்மா, விடியறதுக்குள்ள முடிச்சிடுவேன், பாரேன்!"

அவள் மகளின் முன் மண்டியிட்டாள். கை பட்டதும் பிள்ளை திமிறியது, கத்தியது. ஒரு கையால் இறுக அணைத்துக்கொண்டு, மற்றொரு கையால் சிறிய நெஞ்சின் மேலிருந்த ஊசிகளை ஒவ்வொன்றாக உருவினாள்.

"வேணாம்ணே" என்றாள் திரும்பாமல். "எடுத்துட்டுப் போயிடுங்க."