மாமாவோட எந்தக் கண்ணு தப்பு?

அட, நானும் மொதல்ல வலது கண்ணத்தாங்க சந்தேகப்பட்டேன்! பெருசா இருக்கிறதுதானே கண்ணுல படும்?

நான் ஹவுஸ் சர்ஜன், டாக்டர் படிப்போட கடைசிப் பயிற்சில இருக்கேன். மாமா வாயில "அரை டாக்டர்". அன்னைக்கு அவங்க வீட்டுக்குப் போறேன், மனுஷன் செருப்ப மாட்டிட்டு நிக்கிறார்.

"எங்க மாமா?"

"சலூனுக்கு. இடது பக்கம் கழுத்தும் தலையும் விண்ணு விண்ணுன்னு தெறிக்குது. முந்தாநாள் சலூன்காரன் கழுத்துல நெட்டி முறிச்சு விட்டான், சரியா விடல. இன்னொரு தரம் போட்டா சரியாப்போயிடும்."

உள்ளேருந்து அத்தை, "காலைலேருந்து போறவங்க வர்றவங்களப் பாத்தெல்லாம் கண்ணடிக்கிறாருடா, என்னன்னு கேளு!"

சிரிச்சுட்டே நிமிர்ந்து பாத்தேன். சிரிப்பு அப்படியே நின்னுடுச்சு. இடது இமை லேசா எறங்கியிருக்கு. கண்ணு நடுவுல கருப்பு வட்டம் இருக்குல்ல, அது வலதுல பெருசு, இடதுல சின்னது.

வலது பெருசாயிருக்குன்னா மூளைல ரத்தக்குழாய் வீங்கி நரம்ப அழுத்துதோன்னு பக்குனு ஆச்சு. ஆனா அப்படின்னா வலது இமைதானே எறங்கணும்? எறங்கினது இடது. பொருந்தலையே!

"மாமா, உக்காருங்க. ரெண்டு கையையும் நீட்டுங்க. ஈன்னு பல்லக் காட்டுங்க."

கை தாழல, வாய் கோணல, பக்கவாதம் மாதிரி தெரியல. "போதுமாடா? கரணம் எதுவும் போடணுமா?"

திரைய இழுத்துவிட்டு லைட்ட அணைச்சேன். இருட்டுல நல்ல கண்ணுன்னா அந்த வட்டம் விரியணும். கதவிடுக்குல வந்த வெளிச்சத்துல மூச்சப் பிடிச்சுட்டு உத்துப் பாத்தேன். வலது ஜம்முனு விரிஞ்சுது. இடது? அப்படியே கெடக்கு. அப்போ தப்பு சின்னதுலதான்!

அந்த இமை, அந்த வட்டம், ரெண்டுக்கும் போற நரம்பு கழுத்துல பெரிய ரத்தக்குழாய ஒட்டியே ஏறுது. அதே பக்கம் வலி வேற. குழாயோட உள்சுவர் கிழிஞ்சிருந்தா? கழுத்த யாராவது மறுபடி திருப்பி, அங்க உறைஞ்ச ரத்தக்கட்டி மூளைக்குப் போய் அடைச்சிருச்சுன்னா?

"சலூன் வேணாம் மாமா. ஆஸ்பத்திரி. இப்பவே."

"வெளயாடாதடா, வழிய விடு."

கதவுக்குக் குறுக்க நின்னுட்டேன். "கழுத்த யாரும் தொடக்கூடாது. நான் சொன்னது தப்புன்னா ஆயுசு பூரா கிண்டல் பண்ணுங்க."

அத்தை வந்து என்ன ஒரு பார்வ பாத்தாங்க. "இது வெளயாடுற மூஞ்சியாங்க? வண்டியக் கூப்பிடுடா."

ஸ்கேன்ல கிழிசல் தெரிஞ்சுது. நல்லவேளை, மூளைல ஒண்ணும் இல்ல. ரத்தம் உறையாம இருக்க மருந்து ஓடுது. மாமா படுத்துக்கிட்டே நர்ஸ வம்புக்கு இழுக்கிறார்.

அத்தை சலூன்காரர உண்டு இல்லன்னு பண்ணாம விடமாட்டேன்னு நிக்கிறாங்க. எனக்குத்தான் ஒரே கொடைச்சல். கேட்டுப் பாத்தா, மொத தரம் சலூனுக்குப் போறதுக்கு முன்னாடியே கழுத்து லேசா வலிச்சுதாம், அதுக்குத்தான் போனாராம்! அப்போ நெட்டி முறிச்சதால கிழிஞ்சுதா, இல்ல ஏற்கெனவே கிழிஞ்ச வலிக்குத்தான் நெட்டி முறிக்கப் போனாரா? நீங்க என்ன நெனைக்கிறீங்க?