பூட்டிய நடைக்குள் எட்டு ஜோடிச் சலங்கை

சின்னராசு கண் விழித்தபோது கோயில் கதவு சாத்தியிருந்தது.

ரயில் தடம் பழுதுபார்க்கும் ராத்திரி வேலையை முடித்துவிட்டு, வீட்டுக்குக்கூடப் போகாமல், வேலைச் சட்டையோடு நேரே சிராங்கூன் ரோட்டுக் கோயிலுக்கு வந்தவர் அவர். கையில் மகள் தாரணி கொடுத்த துணிப்பை. உள்ளே எட்டு ஜோடிச் சலங்கை. மாணவர்கள் தாங்களே உருவாக்கி ஆண்டுதோறும் மேடையேற்றும் பல்கலைக்கழக நடன நிகழ்ச்சி அன்று மாலை. தாரணி அமைத்த ஆட்டத்தைத்தான் அந்த வருஷம் முதலில் வைத்திருந்தார்கள்.

"சும்மா சாமிகிட்ட காட்டிட்டுக் கொண்டாந்துடுங்கப்பா" என்றுதான் அவள் சொல்லியிருந்தாள். சின்னராசுவுக்கு மனசு கேட்கவில்லை. உச்சிக்கால பூசை வரைக்கும் சாமி காலடியிலேயே இருக்கட்டும் என்று குருக்களிடம் பையைக் கொடுத்தார். எதிர்க் கடையில் பசியாறினார். கோயிலை ஒட்டிய பெஞ்சில் கொஞ்சம் சாய்ந்தார். சாய்ந்ததுதான் தெரியும்.

"நடை சாத்தியாச்சுண்ணே" என்றார் காவலாளி. "குருக்கள் சாவிய எடுத்துக்கிட்டுப் போயிட்டாரு. இனிமே சாயங்காலந்தான்."

"பை உள்ள இருக்குய்யா."

"சாமிகிட்டதான இருக்கு. எங்க போயிடப் போவுது."

தாரணிக்குப் போன் போட்டார். விஷயத்தைச் சொன்னார்.

"தூங்கிட்டீங்களாப்பா?"

"ஆமாம்மா."

"சரி. அங்கயே இருங்க. தொறந்ததும் எடுத்துட்டு வாங்க."

திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை என்று இருந்தது அவருக்கு. அந்த ஆட்டம் எப்படி வளர்ந்தது என்று அவருக்குத் தெரியும். புக்கிட் பாஞ்சாங்கில் அவர்கள் அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில்தான் பிள்ளைகள் மாசக்கணக்கில் ஆடிப் பழகினார்கள். ஆட வந்தவர்களில் பாதிப் பேருக்குச் சலங்கையை எப்படிக் கட்டுவது என்றே தெரியாது. அவர்களை வைத்து, அமைத்ததை அழித்து, திருத்தி, அழுது, மறுபடியும் திருத்தி அவள் செய்தது. மழைக்குக் காத்திருக்கும் எட்டுப் பெண்களின் கதை. கடைசியில் சலங்கைதான் மழை. அந்த மழையை அவர் கொண்டுபோய்ப் பூட்டிவிட்டார்.

அதற்குப்பின் அவர் பெஞ்சில் உட்காரவே இல்லை.

வெயில் தாழும் நேரம் போனில் வேறொரு குரல் கூப்பிட்டது. "அங்கிள், நான் ஃபஹத். ஸ்டேஜ் மேனேஜர். ரிஹர்சல் சலங்கை இல்லாமதான் ஓடுச்சு."

"கெட்டுப் போச்சாப்பா?"

"இல்ல அங்கிள், கேளுங்க. கூட ஆடுற சீனப் பொண்ணு ஒண்ணு, மழை இன்னும் வரல, அப்புறம் ஏன் மொதல்லேருந்து பெல்லு கட்டணும்னு கேட்டுச்சு. தாரணி அதக் கப்புனு புடிச்சுக்கிட்டா. இப்ப மொதல் பாதி வெறுங்கால்தான். நடுவுல மேடையிலயே சலங்கை கட்டிக்கிறாங்க."

"நான் வந்து சேரலேன்னா?"

"வந்துடுங்க அங்கிள். இல்லாட்டி மழையே வராம எட்டுப் பேரும் வெயில்லயே நின்னுட்டு இறங்கிடணும் லா."

நடை திறந்ததும் முதல் ஆளாக உள்ளே போனார். குருக்கள் பையை நீட்டி, "சாமி நல்லா பாத்துக்கிட்டிருந்தார்" என்றார். பதில் சொல்ல சின்னராசு நிற்கவில்லை.

வேலை முடிந்து வீடு திரும்பும் கூட்டத்தில் ரயில் பிதுங்கியது. பையை எவ்வளவு இறுக்கிப் பிடித்தாலும் வண்டி குலுங்கும்போதெல்லாம் அது சிணுங்கியது. ஆட்கள் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். எத்தனையோ ராத்திரி இந்தத் தடத்தில் குனிந்து போல்ட் முறுக்கியவர் அவர். பதிலுக்கு அது தனக்கும் ஏதாவது செய்யட்டும் என்று அன்றைக்குத்தான் கேட்டுக்கொண்டார். கிளமெண்டியில் இறங்கி பஸ் பிடித்தார். பஸ்ஸிலிருந்து ஓடினார்.

அரங்கத்தின் பின்வாசலில் ஃபஹத் காத்திருந்தான். "பூட்ஸக் கழட்டிடுங்க அங்கிள். ஆட்டம் ஆரம்பிச்சாச்சு."

திரைக்குப் பக்கவாட்டில் இருட்டில் போய் நின்றார். மேடையில் பதினாறு வெறுங்கால்கள் பலகையை மிதித்தன. காய்ந்த நிலம் மாதிரி இருந்தது அந்தச் சத்தம். ஃபஹத் சலங்கைகளை ஒரு தட்டில் பரப்பி அவர் கையிலேயே கொடுத்து, "நீட்டிப் பிடிங்க, அவங்களே வருவாங்க" என்று காதோடு சொன்னான்.

ஒவ்வொருத்தியாக ஆடிக்கொண்டே திரையோரம் வந்தாள். எடுத்தாள், கண்ணில் ஒற்றிக்கொண்டாள், திரும்பிப் போய் மேடையில் உட்கார்ந்து கட்டினாள். சீனப் பெண்ணும் அதேபோல ஒற்றிக்கொண்டாள். கடைசியாகத் தாரணி வந்தாள். அவள் எடுத்த சலங்கையின் தோல்பட்டையில் குங்குமம் ஒட்டியிருந்தது. உதடு அசையாமல் "லேட்டு" என்றாள். கண் மட்டும் சிரித்தது.

முதலில் ஒரே ஒரு கால் அசைந்தது. ஒரு துளி. தள்ளி இன்னொரு துளி. அரங்கத்தில் இருமல்கூட இல்லை. பிறகு எட்டுப் பேரும் சேர்ந்து இறங்கியபோது, முன்வரிசையில் ஒருவர் தலையைத் தூக்கிக் கூரையைப் பார்த்தார். சின்னராசு அதைப் பார்த்தார். காலியான தட்டை இன்னும் நீட்டியே பிடித்திருந்தார்.

கைதட்டல் ஓய நேரமாயிற்று. நிகழ்ச்சி முடிந்ததும் பொறுப்பாசிரியர் மேடைக்குப் பின்னால் வந்து, மேடையிலேயே சலங்கை கட்டும் யோசனை எப்படித் தோன்றியது என்று கேட்டார்.

"எங்கப்பா கோயில் வாசல்ல தூங்கினாரு சார். அதுல வந்தது" என்றாள் தாரணி.

எல்லோரும் சிரித்தார்கள். சின்னராசுவும் சிரித்தார். அவரை இழுத்து நடுவில் நிறுத்திப் படம் எடுத்தார்கள். எட்டுப் பட்டுடைகளுக்கு நடுவே அவருடைய வேலைச் சட்டையில் தைத்த ஒளிப்பட்டைகள்தான் ஃபிளாஷில் பளீரென்று மின்னின.

"அங்கிளத் தவிர யாருமே தெரியல" என்றான் ஃபஹத்.

"நாளைக்கும் ஷோ இருக்குப்பா" என்றாள் தாரணி. "சலங்கைய நீங்கதான் கொண்டாரணும். தட்டையும் நீங்கதான் பிடிக்கணும்."

"கோயிலுக்கு?"

"அய்யோ, வேணாம். ஒட்டியிருக்கிற குங்குமமே போதும்."

பையை வேறு யாரிடமும் அவர் கொடுக்கவில்லை. வீட்டுக்குப் போகும் பஸ்ஸிலும் அது சத்தம் போட்டுக்கொண்டுதான் வந்தது. இந்த முறை அவர் அதை இறுக்கிப் பிடிக்கவில்லை.