நாலு மணித் தபால்

சிங்காரவேலுவின் பெயரை அடித்த பேனா என்னுடையது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தத் தனிஸ்லாஸ் தன்னை யோக்கியனாகக் காட்டிக்கொள்கிறான் என்று பிறகு யாரும் பேசக்கூடாது.

முப்பத்தாறாம் வருஷம், ஜூலை மாதம். வில்லியனூருக்கு மேற்கே எங்கள் ஊர்த் தபாலாபீசில் நான் குமாஸ்தா. போஸ்ட்மாஸ்டர் உலகநாதன்தான் ஓட்டப்பந்தயச் சங்கத்துக்கும் காரியதரிசி. புதுச்சேரியிலிருந்து எங்கள் ஊர் வரைக்கும் பன்னிரண்டு கிலோமீட்டர் ஓட்டம், ஜெயித்தவனுக்கு வெள்ளிக் கோப்பை என்று அவர் ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தார். காலேஜ் பிள்ளைகள் வரலாம், சிப்பாய்கள் வரலாம், கால் உள்ள எவனும் வரலாம் என்று தமுக்குப் போட்டதும் அவர்தான்.

அதை நம்பி வந்தான் சிங்காரவேலு. எங்கள் ஆபீசுக்குத் தபால் மூட்டை சுமந்து ஓடிவருகிறவன் அவன். தோளில் மூட்டை, கையில் சலங்கை கட்டிய ஈட்டி. பதினோரு வருஷமாக அதே சாலை. சலங்கைச் சத்தம் கேட்டால் மாட்டு வண்டிகூட ஓரம் கட்டும், ஏனென்றால் தபாலை மறிப்பது குற்றம். அன்றைக்கு வெளுத்த வேட்டி கட்டி, தலையை எண்ணெய் வைத்துப் படிய வாரி, வரிசையில் நின்று பெயர் கொடுத்தான். நானும் எழுதினேன்.

உலகநாதன் பட்டியலைப் பார்த்தார். சங்கத்தின் சட்டப் புத்தகத்தை என்னிடம் நீட்டி, ஏழாவது விதியைச் சத்தமாகப் படிக்கச் சொன்னார். பிரெஞ்சில் படித்துத் தமிழில் சொன்னேன். பந்தயம் அமத்தேர்களுக்கு மட்டும். அதாவது ஆசைக்கு ஓடுகிறவர்களுக்கு. ஓடிச் சம்பாதிக்கிறவன் தொழில்காரன், அவனுக்கு இடமில்லை. வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். "அடி" என்றார் உலகநாதன். அடித்தேன்.

அந்தப் பட்டியலின் முதல் பெயர் சாமிநாதன். சங்கம் சென்னையிலிருந்து கூட்டிவந்த பையன். காலேஜில் அவன் பெயர் இருந்ததே தவிர, வகுப்பில் அவனைப் பார்த்தவர்கள் இல்லை. அறை, சாப்பாடு, பூட்ஸ், காலையில் இரண்டு முட்டை, எல்லாம் ஓடுவதற்காகவே கொடுத்தார்கள். அவன் ஆசைக்கு ஓடுகிறவனாம். வெயிலில் மூட்டை சுமக்கிறவன் தொழில்காரனாம். இதைக் கேட்க என் வாய்க்கு அன்று தைரியம் வரவில்லை.

சிங்காரவேலு கேட்டான். கத்தவில்லை. எங்கள் ஆபீசில் ஐயாவுக்கு முசியே என்போம். நேராக உலகநாதனைப் பார்த்துச் சொன்னான்:

"எனக்கு ஓடறதுக்கா முசியே கூலி குடுக்கறாங்க? தூக்கறதுக்குத்தான் குடுக்கறாங்க. நடந்து வந்தாலும் அதே கூலிதான். ஓட்டம் என்னுது."

உலகநாதன் அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

மறுநாள் மூட்டையை இறக்கிவைத்துவிட்டு, பந்தயம் எப்போது என்று என்னிடம் கேட்டான். வியாழக்கிழமை, பள்ளிக்கூட விடுமுறை, வெயில் தணிந்து நாலு மணிக்குக் கிளம்புகிறார்கள் என்றேன். அவன் சிரித்தான். நானும் அப்போதுதான் உணர்ந்தேன். தபால் மூட்டை புதுச்சேரியில் கட்டிக் கொடுக்கப்படுவதும் நாலு மணிக்குத்தான். அதே சாலை, அதே தூரம். பந்தயத்துக்கு வழியில் மோர்ப்பந்தல் எங்கே, வாத்தியக்காரர்கள் எங்கே என்றெல்லாம் யோசித்த பெரிய மனுஷர்கள், தினமும் அந்த வழியில் ஓடுகிற ஒருவனை நினைத்துப் பார்க்கவேயில்லை.

நினைப்பு வந்தபோது புதன்கிழமை ஆகிவிட்டது. உலகநாதன் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, நாளைக்குத் தபாலை அரை மணி தாமதமாகக் கிளப்பச் சொல் என்றார். சிங்காரவேலுவிடம் சொன்னேன். எழுதிக் கொடுக்கச் சொல்லுங்கள், நிற்கிறேன் என்றான். அதை அப்படியே போய்ச் சொன்னேன். தபாலை நிறுத்தச் சொல்லிக் கையெழுத்துப் போட்டால் தன் வேலைக்கே உலை என்பது அவருக்குத் தெரியும். எழுதவில்லை. ஆனால் ஒன்று சொன்னார்: நாளைக்கு அவன் பந்தயத்துக்குள் மூக்கை நீட்டினால் அதுதான் அவனுடைய கடைசி மூட்டை. அதையும் சொன்னேன். சரி என்று தலையாட்டிவிட்டுப் போனான். வீட்டில் அவன் பெண்சாதி தையலம்மாளும் மூன்று பிள்ளைகளும் அந்த ஒரு மூட்டையை நம்பித்தான் இருந்தார்கள்.

வியாழக்கிழமை எங்கள் ஆபீஸ் வாசலில்தான் முடிவுக்கோடு. ஊரில் சர்க்கார் கடிகாரம் அங்கே மட்டும்தான் இருந்தது. இரண்டு மூங்கில் நட்டு பிரெஞ்சு மூவர்ண நாடா கட்டி, பக்கத்தில் பந்தல் போட்டிருந்தார்கள். பந்தலில் உலகநாதன், கோப்பை, மாலை, துரைமார். சாலையின் இரண்டு பக்கமும் ஜனம்.

வழியில் நடந்தது பிற்பாடு கேட்டுத் தெரிந்துகொண்டது. ரெட்டியார்பாளையம் வரைக்கும் பிள்ளைகள் கூட்டமாக முன்னால் போனார்கள், சிங்காரவேலு கடைசியில். பாதி வழியில் அவனுக்கு முன்னால் ஏழு பேர். வில்லியனூர் தேரடியில் இரண்டு பேர். சங்கத்து ஆள் ஒருவன் சைக்கிளில் குறுக்கே வந்து, ஓரமாகப் போடா என்று மிரட்டினான். சிங்காரவேலு ஈட்டியை ஒரு தடவை தரையில் குத்திச் சலங்கையை ஆட்டிவிட்டு, தபாலுக்கு வழி விடு என்றான். சைக்கிள்தான் ஓரமாகப் போனது. அங்கிருந்து ஜனங்கள் மோர்ச் செம்பைச் சாமிநாதனுக்கு நீட்டாமல் இவனுக்கு நீட்டினார்கள். இவன் எதற்கும் நிற்கவில்லை.

நாலு ஐம்பத்தாறுக்குச் சலங்கைச் சத்தம் கேட்டது. வாத்தியக்காரர்கள் யாரென்று பார்க்காமல் ஊத ஆரம்பித்துவிட்டார்கள். மூட்டையின் வார் அழுத்தித் தோள் சிவந்திருந்தது. வெறுங்கால் முழுக்கப் புழுதி. நாடாவுக்கு இருபது அடி இருக்கும்போது அவன் சாலையை விட்டு விலகினான். நாடாவைத் தொடவில்லை. மூங்கிலுக்கு வெளிப்பக்கமாக வந்து ஆபீஸ் படியேறி, மூட்டையை என் மேஜைமேல் வைத்தான். நாலு ஐம்பத்தேழு. இரண்டு நிமிஷம் கழித்து வந்த சாமிநாதன் நாடாவை அறுத்தான். மாலை போட்டார்கள். கை தட்டியவர்களில் பாதிப்பேர் திரும்பி எங்கள் படியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சாமிநாதனும் பார்த்தான்.

மூட்டையோடு ஒரு வழிச்சீட்டு வரும். வந்து சேர்ந்த நேரத்தை அதில் போஸ்ட்மாஸ்டர் தன் கையால் எழுத வேண்டும். சிங்காரவேலு அந்தச் சீட்டை எடுத்துக்கொண்டு பந்தலுக்கே போய் உலகநாதனிடம் நீட்டினான். நான் மைக்கூட்டோடு பின்னால் போனேன். என்னை யாரும் கூப்பிடவில்லை. பெயரை அடித்த அன்று பேசாமல் இருந்ததே எனக்குப் போதும்.

வழக்கம்போல ஐந்தரை என்று பிறகு போட்டுக்கொள்ளலாம் என்றார் உலகநாதன். கடிகாரம் எல்லார் தலைக்கும் மேலே தெரிகிறது முசியே என்று நான் உரக்கச் சொன்னேன். துரைமாருக்காகப் பிரெஞ்சிலும் சொன்னேன். ஒரு துரை கடிகாரத்தைப் பார்த்தார். உலகநாதன் நாலு ஐம்பத்தேழு என்று எழுதினார். பேனா காகிதத்தைக் கிழிக்கும் அளவுக்கு அழுத்தி எழுதினார்.

பிறகு துரைமார் காதில் விழாமல் என் பக்கம் திரும்பி, இவன் வேலை இன்றோடு சரி, மேலிடத்துக்கு அறிக்கை எழுது என்றார். அங்கேயே ஒரு காகிதத்தையும் கொடுத்தார். எந்த விதிப்படி என்று கேட்டேன். தபால் சட்டம் எனக்கு மனப்பாடம். தாமதமாக வந்தால் தண்டனை உண்டு. மூட்டை நனைந்தால் உண்டு, முத்திரை உடைந்தால் உண்டு, வழியில் படுத்துத் தூங்கினால் உண்டு. இதையெல்லாம் ஒவ்வொன்றாக, கொஞ்சமும் அவசரப்படாமல் சொன்னேன். அவர் முகம் கறுத்தது. விதி கிடக்கட்டும், எழுது என்றார்.

"காரணம்னு இன்னா எழுதட்டும் முசியே?"

பதில் சிங்காரவேலுவிடமிருந்து வந்தது. மூச்சு இன்னும் முழுதாக அடங்கவில்லை, ஆனாலும் பந்தலில் இருந்த அத்தனை பேருக்கும் கேட்டது.

"எல்லாரையும் முந்தி வந்துட்டான்னு எழுதுங்க. அன்னிக்கு அடிச்ச பேர, முழுசா எழுதுங்க. வேல போனா போவட்டும்."

நான் பேனாவை மையில் தோய்த்தேன். சிங்காரவேலு என்று முழுப் பெயரையும் பெரிய எழுத்தில் எழுதினேன். அடுத்த வார்த்தைக்குப் போவதற்குள் உலகநாதன் காகிதத்தை என் கையிலிருந்து பிடுங்கி, நாலாக மடித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

அந்த அறிக்கை எங்கும் போகவில்லை. வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு சிங்காரவேலு புதுச்சேரியில் மூட்டையை வாங்கிக்கொண்டு கிளம்பினான்.