ஏழாவது வளைவில் எரிந்த விளக்கு

பூபாலன் பின்சீட்டில் இருந்தால் விளக்கு எரிகிறது. அவன் இல்லாவிட்டால் எரிவதில்லை. ரேணுகாதேவிக்கு இதுதான் பிடிபடவில்லை.

ஒடுகத்தூரிலிருந்து மலை ஏறும் சாலையில் ஏழாவது கொண்டை ஊசி வளைவு. அங்கே வந்ததும் மீட்டர் பலகையில் மஞ்சள் விளக்கு எரியும். வண்டியின் இழுவை பாதியாகக் குறைந்துவிடும். எவ்வளவு மிதித்தாலும் சினை எருமை மாதிரி அசைந்து அசைந்துதான் மேலே போகும். போன வாரம் புதன்கிழமை எரிந்தது, சனிக்கிழமை எரிந்தது, இந்தப் புதன்கிழமையும் எரிந்தது. மூன்று முறையும் வேலூரில் டயாலிசிஸ் முடித்து, புருஷனைப் பின்சீட்டில் படுக்க வைத்துக்கொண்டு திரும்பிய நேரம். நடுவில் ஒருநாள், அவனைவிட எடை கூடிய இரண்டு உர மூட்டைகளை டிக்கியில் போட்டு ஏறிப் பார்த்தாள். விளக்கு மூச்சுவிடவில்லை.

"என்னக் கண்டாத்தான் அதுக்குச் சூடாவுது போலமே," என்றான் பூபாலன். "உனுக்கு மட்டுந்தான் அப்படின்னு இவ்ளோ நாளா நெனச்சினு இருந்தேன்."

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. சனிக்கிழமை சாயங்காலத்துக்குள் வண்டியை எடுப்பதா, திருப்பிக் கொடுப்பதா என்று சொல்லியாக வேண்டும்.

வாரம் இரண்டு முறை பூபாலனின் ரத்தத்தை மெஷினில் சுத்தம் செய்ய வேண்டும். காலை ஆறரைக்கு வேலூரில் படுக்கை. ரேணுகாதேவியிடம் இருந்ததோ சாமையும் புளியும் ஏற்றிச் சந்தைக்குப் போகும் பழைய 'சின்ன யானை' சரக்கு வண்டி. அதன் குலுக்கலில் திரும்பும்போது இரண்டு முறை அவனுக்கு மயக்கம் வந்தது. அதனால் பஸ்ஸுக்கு மாறினார்கள். மழையில் பஸ் வராத ஒரு புதன்கிழமை முறை தவறிப்போய், வெள்ளிக்கிழமை அவன் மூச்சு வாங்கிய சத்தம் பக்கத்து வீட்டு முனியம்மா வரைக்கும் கேட்டது. அன்றைக்குத்தான் கார் என்று முடிவு செய்தாள்.

கார் கண்ணமங்கலத்துப் பழைய கார் வியாபாரி தனசேகரனுடையது. பெட்ரோல் எஞ்சினும் மின்மோட்டாரும் சேர்ந்து இழுக்கும் ஹைபிரிட். புதிதாக வாங்க அவளால் கனவிலும் முடியாது. இது பாதி விலைக்கும் கீழே. காரணத்தைத் தனசேகரன் முதல் நாளே சொல்லிவிட்டான்.

"சென்னையில வெள்ளத்துல நின்ன வண்டிக்கா. ரிப்பேர் செலவு வண்டி வெலயத் தாண்டிப் போச்சுன்னு இன்சூரன்ஸ்காரன் டோட்டல் லாஸ்னு எழுதி, ஓனருக்குப் பணத்தக் குடுத்துட்டு, வண்டிய ஏலத்துல விட்டான். நான் எடுத்தேன், சரி பண்ணேன். ஆர்.சி. புக்கு சுத்தம். ஆனா முழு இன்சூரன்ஸ் எவனும் தர மாட்டான். அடுத்தவனுக்கு அடிபட்டாத்தான் கெடைக்கும், உன் வண்டிக்கு ஒண்ணும் கெடைக்காது. நான் இன்னா மறைச்சனா?"

"மறைக்கலணா. தண்ணி எதுவரைக்கும் நின்னுது?"

"அத நான் நின்னு பார்த்தனா? தரை விரிப்பு வரைக்கும்னு பேப்பர்ல எழுதிக்கீது. பன்னண்டு நாள் ஓட்டிப் பாரு. புடிக்கலன்னா வுட்டுடு. ஆம்பூர்ல ஒரு ஆளு காத்துனு இருக்காரு."

அந்தப் பன்னிரண்டு நாளில் ஒன்பது போய்விட்டது.

வியாழக்கிழமை காலையில் ஒடுகத்தூர் மெக்கானிக் ராஜாக்கண்ணுவின் ஷெட்டுக்குப் போனாள். அவர் ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும் துளையில் தீப்பெட்டி அளவு ஸ்கேனர் ஒன்றைச் செருகினார். வண்டிக்குள் நடப்பதெல்லாம் செல்போனில் எழுத்தாக வந்தது.

"பேட்டரி சூடாவுதுன்னு சொல்லுது. மோட்டாருக்குக் கரண்டு குடுக்கற பெரிய பேட்டரி. பின்சீட்டுக்கு அடியில கீது. சூடு ஏறினா, வெந்து போவக் கூடாதுன்னு அதுவே வேலய கொறைச்சிக்கும். அதான் இழுக்க மாட்டேங்குது."

"தண்ணி போயிருக்குமாண்ணா?"

"அதத்தான் பார்க்கணும். போயிருந்தா இன்னிக்கு இல்லன்னாலும் அடுத்த வருசம் செத்துடும். புதுசு போடணும்னா இந்த வண்டிக்குக் குடுக்கற பணத்துல முக்காவாசி."

ரேணுகாதேவிக்கு மண்டி நினைவு வந்தது. சாமை மூட்டை வாங்கும் வியாபாரி மேலே கிடக்கும் தானியத்தைத் தொடவே மாட்டான். குத்தூசி என்ற கூர்மையான இரும்புக் குழாயை மூட்டையின் வயிற்றில் குத்தி உருவுவான். நடுவில் இருக்கும் தானியம் குழாய்க்குள் வந்து விழும். விற்பவன் காயவைத்துக் காட்டுவது மேல் தானியத்தை, ஈரம் ஒளிந்திருப்பது நடுவில். இந்த வண்டியையும் மேலே நன்றாகக் காயவைத்திருக்கிறார்கள். யாரும் கழுவ நினைக்காத இடம் எது?

முன்சீட்டு பெல்ட்டைப் பிடித்து இழுத்தாள். பாதியோடு விடாமல், சுருள் முடியும் வரைக்கும் இழுத்தாள். தோளில் படும் பகுதி கருகருவென்று சுத்தமாக இருந்தது. அடிச்சுருளிலிருந்து வந்த கடைசி முழத்தில் சேற்றுக் கறை கோடு போட்டிருந்தது. பெல்ட்டின் சுருள் கதவோரத் தூணின் அடியில் இருக்கிறது. அப்படியானால் தண்ணீர் அந்தச் சுருள் வரைக்குமாவது வந்திருக்கிறது. தரையிலிருந்து ஒரு சாண்.

"பேட்டரி தரையிலேர்ந்து எவ்ளோ ஒசரத்துல இருக்குதுண்ணா?"

ராஜாக்கண்ணு விரலை விரித்து அளந்தார். "அதுவும் ஒரு சாண்தாம்மா."

ராஜாக்கண்ணு குனிந்து பின்சீட்டின் அடியைப் பார்த்தார்.

"தொறந்துடலாம்," என்றார் அவர்.

அந்த பேட்டரியில் ஆளைக் கொல்லும் மின்சாரம் இருக்கிறது. அதனால் அதைத் திறக்க ஒரு முறை உண்டு. முதலில் ஆரஞ்சு நிறத்தில் இருக்கும் துண்டிப்புக் கட்டையை உருவ வேண்டும். அது பேட்டரியை நடுவில் இரண்டாகப் பிரித்துவிடும். அதற்கு மேலும் பத்து நிமிடம் காத்திருக்க வேண்டும், மின்சுற்றில் தேங்கி நிற்கும் மிச்சம் வடிவதற்கு. ராஜாக்கண்ணு தடித்த ரப்பர் கையுறை போட்டுக்கொண்டு கட்டையை உருவித் தன் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டார். "வேற எவனாவது தெரியாம சொருகிட்டான்னா என் பொண்டாட்டி உன்னத்தான் திட்டுவா," என்றார். பத்து நிமிடமும் கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றார். பிறகு மூடியைக் கழற்றினார்.

உள்ளே போல்ட்டுகள் புதுக் காசு மாதிரி மின்னின. துரு இல்லை, பச்சை பூக்கவில்லை, சேறு இல்லை. தண்ணீர் ஒரு விரல் கீழேயே நின்றிருக்க வேண்டும். பேட்டரியைக் குளிர்விக்கும் சின்ன மின்விசிறியையும் அதன் வடிகட்டியையும் எடுத்துத் தட்டினார். லேசான தூசி மட்டும். ஊதிச் சுத்தம் செய்து மாட்டினார்.

"பேட்டரி நல்லாக்கீது. விசிறி நல்லாக்கீது. அப்பறம் ஏன் சூடாவுதுன்னு எனக்குத் தெரியல." துணியில் கையைத் துடைத்தார். "தெரியாத வண்டிய வாங்காதம்மா. ரோட்டுல நின்னா நீ தாங்குவ. உன் வூட்டுக்காரரு தாங்குவாரா?"

வெள்ளிக்கிழமை முழுவதும் அந்தக் கேள்வியோடு கழிந்தது. அந்த ஏழாவது வளைவில் செல்போன் சிக்னல் கிடையாது. வண்டி நின்றுவிட்டால், அடுத்த பஸ் வரும் வரைக்கும் ஒரு ஈ காக்கை கிடையாது. ஆனால் வண்டியை விட்டுவிட்டால் மறுபடி சின்ன யானை, மறுபடி அந்தக் குலுக்கல். அதற்கு முடிவு என்ன என்பதும் அவளுக்குத் தெரியும்.

சனிக்கிழமை. போகும்போது எப்போதும் போல பூபாலன் முன்சீட்டில் உட்கார்ந்து, வழியில் தெரிந்தவர்களையெல்லாம் குறை சொல்லிக்கொண்டு வந்தான். திரும்பும்போது எப்போதும் போல ஆள் வாடிப்போயிருந்தான். மெஷினில் படுத்து எழுந்தால் அவனுக்குக் குளிரும். ஏ.சி. கூடாது, கண்ணாடி எல்லாம் ஏற்றியிருக்க வேண்டும். இடது கையில் ஊசி போடுவதற்காக ரத்தக் குழாய்களை இணைத்துத் தைத்திருக்கிறார்கள். அந்தக் கையை அழுத்தக் கூடாது என்பதால் வலது பக்கமாகவே சாய்ந்து, தலையணையை வலது கதவோரம் அண்டக் கொடுத்து, கம்பளியை இழுத்துப் போர்த்திப் படுத்தான்.

ராஜாக்கண்ணு கொடுத்த ஸ்கேனர் செருகியே இருந்தது. செல்போனில் பேட்டரியின் சூடு தெரிந்தது. மலையடியில் முப்பத்தெட்டு. இரண்டாவது வளைவில் நாற்பத்து மூன்று. ஐந்தாவதில் ஐம்பது. ஆறாவதைத் திரும்பும்போது ஐம்பத்து நான்கு. ஏழாவது வளைவில் விளக்கு எரிந்தது.

இந்த முறை வண்டி வழக்கத்தைவிட மோசமாகத் தளர்ந்தது. பின்னால் ஒரு லாரி ஹாரன் அடித்துக்கொண்டே வந்தது. ஓரம் கட்டி நிறுத்தினாள். லாரி உரசிக்கொண்டு போனது. நின்றதும் எஞ்சின், இந்த வண்டியின் வழக்கப்படி, தானாகவே அணைந்துகொண்டது. காட்டில் சில்வண்டுகளின் இரைச்சல்.

"இன்னாமே, வந்துட்டமா?" என்று பூபாலன் தலையைத் தூக்கினான்.

சில்வண்டு இரைச்சல் சட்டென்று தணிந்தது.

ரேணுகாதேவி திரும்பிப் பார்த்தாள். கண்ணாடிகள் எல்லாம் மூடியிருக்கின்றன. சில்வண்டுச் சத்தம் இவ்வளவு உள்ளே கேட்காதே.

"மாமா, மறுபடி படு."

"இன்னாத்துக்கு?"

"படுன்னா படு."

படுத்தான். கீச்சென்ற இரைச்சல் கிளம்பியது. "எழுந்திரு." தணிந்தது.

"தோப்புக்கரணம் போடச் சொல்லுவியா இப்ப?" என்றான் அவன். குரலில் பலம் இல்லை.

அவள் இறங்கிப் பின்கதவைத் திறந்து தலையணையை எடுத்தாள். சீட்டின் வலது பக்கவாட்டில் உள்ளங்கை அகலத்துக்குக் கம்பி போட்ட ஒரு ஜன்னல். அலங்காரத்துக்கு வைத்தது என்று இத்தனை நாளும் நினைத்திருந்தாள். கம்பளியின் நுனியை அதன் அருகில் கொண்டுபோனாள். கம்பளி தானாகவே ஓடிப்போய் ஒட்டிக்கொண்டது. கையை விட்டாள். விழவில்லை.

பேட்டரி மூச்சு விடுவது இதன் வழியாகத்தான். சில்வண்டு போலக் கீச்சிட்ட அதன் விசிறி வெளிக்காற்றை எடுப்பதில்லை. ஆட்கள் உட்காரும் அறைக்குள் இருக்கும் காற்றைத்தான் இந்த ஜன்னல் வழியாக உறிஞ்சி பேட்டரியின் மேல் விடுகிறது. ஏற்றத்தில் மோட்டார் அதிகம் உழைக்கும், பேட்டரி அதிகம் சூடாகும், காற்று அதிகம் தேவைப்படும். அந்த நேரம் பார்த்து ஜன்னலைத் தலையணை அடைத்துவிடுகிறது. கண்ணாடி ஏற்றி, ஏ.சி.யையும் நிறுத்தியிருப்பதால் ஓரத்தில் கசிந்து போகும் கொஞ்சக் காற்றும் சூடு. காலையில் போகும்போது அவன் முன்சீட்டில் இருக்கிறான், பாதையும் இறக்கம். உர மூட்டை கிடந்தது டிக்கியில்.

தலையணையை மாற்றி வைத்துக் கதவைத் திறந்து விட்டு நின்றாள். ஐம்பத்தாறு, ஐம்பத்து மூன்று, நாற்பத்தொன்பது. விளக்கு அணைந்தது. மீதி வளைவுகளை வண்டி சொன்ன பேச்சு கேட்டு ஏறியது.

ஆனால் ஒரு தடவை சரியாகப் போனதை வைத்து ஒரு உயிரை ஒப்படைக்க முடியாது. பூபாலனை வீட்டில் விட்டு, முனியம்மாவை உட்கார வைத்துவிட்டு, மறுபடி மலை இறங்கினாள்.

"பைத்தியமாடி உனுக்கு? இப்பத்தான வந்த," என்றாள் முனியம்மா.

"வரவழைக்கத் தெரியணும்க்கா. எது பண்ணா வருதுன்னு தெரிஞ்சாத்தான், பண்ணாம இருந்தா வராதுன்னு நம்ப முடியும்."

ஒடுகத்தூரில் டீ குடித்து, பேட்டரி முப்பத்தெட்டுக்கு ஆறும் வரைக்கும் காத்திருந்தாள். பின்சீட்டில் ஆள் இல்லை. அந்த ஜன்னலின் மேல் தலையணையை வைத்து, அது நகராமல் சாமை மூட்டையால் முட்டுக்கொடுத்து, கண்ணாடிகளை ஏற்றிக்கொண்டு கிளம்பினாள். ஏழாவது வளைவில் விளக்கு எரிந்தது. முதன்முறையாக அதைப் பார்த்து அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது.

வீட்டில் பழைய சல்லடை ஒன்று கிடந்தது. அதன் கம்பி வலையை அறுத்து, பெட்டி மாதிரி மடக்கி, ஜன்னலுக்கும் தலையணைக்கும் நடுவில் நான்கு விரல் இடைவெளி இருக்கும்படி சீட்டோடு சேர்த்துக் கட்டினாள். மறுபடி இறங்கி, மறுபடி ஆறவிட்டு, அதே தலையணை, அதே மூட்டையோடு ஏறினாள். முன்பக்க இடது கண்ணாடியை மட்டும் இரண்டு விரல் இறக்கியிருந்தாள். ஏழாவது வளைவில் நாற்பத்திரண்டு. மலை உச்சியில் நாற்பத்து மூன்று.

ஐந்தரை மணிக்குத் தனசேகரனிடமிருந்து போன் வந்தது.

"இன்னாக்கா, ஆம்பூர்காரருக்குச் சொல்லிடட்டா?"

"வாணாம்ணா. நானே எடுத்துக்கறேன். வெள்ளத்துல நின்ன வண்டி, டோட்டல் லாஸ் ஆனதுன்னு விற்பனைப் பத்திரத்துல எழுதிக் குடுத்துடு."

"அத எழுதினா நாளைக்கு உன்னால விக்க முடியாதே."

"விக்கறதுக்கு வாங்கல."

வண்டி இடித்தாலோ எரிந்தாலோ ஒரு பைசா திரும்பி வராது. ஏதோ ஒரு ஒயர் மூன்று வருஷம் கழித்துத் துருப்பிடிக்கலாம். அதெல்லாம் அவளுக்குத் தெரிந்தே இருந்தது. அந்தப் பயங்களுக்குப் பெயர் உண்டு, பேர் தெரிந்த பயத்தோடு வண்டி ஓட்டலாம். பேர் தெரியாமல் இருந்தது ஒன்றுதான், அதுவும் இன்றைக்குத் தெரிந்துவிட்டது.

அடுத்த புதன்கிழமை பூபாலன் பின்சீட்டில் படுத்துக்கொண்டு வந்தான். "ஊதக்காத்து அடிக்குதுமே," என்று முனகினான். இன்னொரு கம்பளியைக் கொடுத்தாள். ஏழாவது வளைவில் நாற்பத்தொன்று. விளக்கு எரியவில்லை.

பின்சீட்டு ஓரத்து ஜன்னலின் மேல் நான்கு விரல் உயரத்துக்குச் சல்லடைக் கூடு, முன்பக்க இடது கண்ணாடியில் இரண்டு விரல் திறப்பு, அவனுக்கு ஒன்றுக்கு இரண்டாகக் கம்பளி; தேவைப்பட்டது இவ்வளவுதான்.