இத்ரீஸ் விட்டுப்போன பாங்கு

கம்பத்தில் கம்ப்யூட்டர் பழுது பார்க்கிறவர்கள் பத்துப் பேர் இருந்தால், அதில் ஒன்பது பேருக்குத் தெரிந்த ஒரே வைத்தியம் ஃபார்மேட். பல்வலி என்று போனவனுக்குத் தலையை எடுத்துவிட்டு, இனிமேல் வலிக்காது என்று சொல்கிற கதை. விண்டோஸில் ஒரு ஃபைல் கெட்டுப்போனால் அந்த ஒரு ஃபைலைத்தான் சரி பண்ண வேண்டும். அதற்குப் பொறுமை வேண்டும், கொஞ்சம் மூளை வேண்டும். ரெண்டும் இல்லாதவன் சி டிரைவைத் துடைத்துவிட்டுப் புது விண்டோஸ் போட்டுக் கொடுப்பான். உள்ளே இருந்த படமும் பாட்டும் போனது போனதுதான். இதைச் சொல்லிச் சொல்லியே எனக்கு வாய்த்துடுக்குப் பிடித்தவன் என்று பெயர். ராஜமணி கடையா, வேலை சுத்தமாக இருக்கும், வாயை மட்டும் கொடுத்துவிடாதே என்பார்கள். இருக்கட்டும்.

இரண்டாயிரத்து ஏழாம் வருஷம் ஐப்பசி. மழை விட்டுவிட்டுப் பெய்துகொண்டிருந்தது. உமர் பாருக் பாய் குடையை மடக்கிக்கொண்டு கடைக்குள் வந்தார். வாழைக்காய் மண்டி வைத்திருப்பவர். எப்போதும் ஊருக்கே கேட்கிற மாதிரி பேசுகிற மனுஷன், அன்றைக்கு ஸ்டூலில் உட்கார்ந்து சட்டைப் பொத்தானைத் தடவிக்கொண்டிருந்தார். அவருடைய ஒரே மகன் இத்ரீஸ் சவூதியில், தம்மாமில் லாரி ஓட்டிக்கொண்டிருந்தவன், ஆவணியில் அங்கே ஒரு விபத்தில் இறந்துபோனான். மவுத்தாகிவிட்டான் என்பார்கள் அவர்கள். அடக்கமும் அங்கேயே முடிந்துவிட்டது. இங்கே பெற்றவரும் முகம் பார்க்கவில்லை, கட்டினவளும் பார்க்கவில்லை.

வீட்டுக் கம்ப்யூட்டர் திறக்க மாட்டேன் என்கிறது, வந்து பார்க்க வேண்டும் என்றார். அந்த மிஷினை வாங்கிக் கொடுத்து, மாட்டி, இத்ரீசுக்கு எல்லாம் சொல்லிக்கொடுத்தவன் நான்தான். பெட்டியைக் கடைக்கு அனுப்பிவிடுங்கள், நாளைக்குத் தருகிறேன் என்றேன். பாய் தலையை ஆட்டினார். மருமகள் லத்திபா பெட்டியை வாசல் தாண்ட விடமாட்டாளாம். வேறு யாரையும் தொடவும் விடமாட்டாளாம். அவளோ இத்தாவில் இருக்கிறாள். கணவன் இறந்த பெண் குறிப்பிட்ட காலம் வரைக்கும் வெளி ஆண்கள் முன்னால் வரமாட்டாள். வயிற்றில் பிள்ளை இருந்தால் பிள்ளை பிறக்கிற வரைக்கும். லத்திபாவுக்கு ஒன்பதாவது மாதம்.

"நீ ஹால்ல உக்காந்து சொல்லு ராஜமணி. அவ உள்ள இருந்து செய்வா."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. நான் என்ன குறி சொல்கிறவனா, திரைக்கு அந்தப் பக்கம் இருக்கிற மிஷினுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து வைத்தியம் பார்ப்பதற்கு? ஒரு எழுத்து மாறினால் எல்லாம் போய்விடும் என்று படபடவென்று பேசிவிட்டேன். பாய் பொறுமையாகக் கேட்டுக்கொண்டு, உள்ளே இருப்பது என்ன என்று சொன்னார்.

அவர்களில் பிள்ளை பிறந்ததும் அதன் வலது காதில் பாங்கு சொல்வார்கள். பள்ளிவாசலில் தொழுகைக்கு அழைக்கிற அதே பாங்கு. உலகத்துக்கு வந்த பிள்ளை முதலில் கேட்கிற சொல் அதுவாக இருக்க வேண்டும். தகப்பன் சொன்னால் விசேஷம். இத்ரீஸ் தை மாதம் லீவில் வந்து, சித்திரையில் கிளம்பும்போது லத்திபாவுக்கு மூணு மாதம். பிறக்கிற சமயத்தில் லீவு கிடைக்காது என்று தெரிந்திருந்தது. அதனால் கிளம்புகிற அன்று காலையில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, மைக்கில் பாங்கு சொல்லிப் பதிந்துவைத்துவிட்டுப் போயிருக்கிறான். பிறந்த அன்றைக்கு இதைப் போட்டுக் காட்டு, நான் திரும்பி வந்ததும் நேரில் ஒரு தடவை சொல்லிக்கொள்கிறேன் என்று சொன்னானாம். அதற்கப்புறம் லத்திபா அதைத் திறக்கவே இல்லை. பிள்ளையோடு சேர்ந்துதான் கேட்க வேண்டும் என்று வைத்திருந்தாள்.

மிஷின் கெட்ட விதத்தையும் பாய் சொன்னார். அந்த வெள்ளிக்கிழமை மத்தியானம் இத்ரீஸ் இன்டர்நெட்டில் பேசுவான் என்று லத்திபா கம்ப்யூட்டரைப் போட்டுக் காத்திருந்தாள். வந்தது அவன் இல்லை, கூட வேலை பார்க்கிறவனின் போன். வீடு அழுகிற வீடாகிவிட்டது. சாயங்காலம் வருகிறவர்களுக்கு வாசலில் டியூப்லைட் கட்ட வந்த எலக்ட்ரீஷியன் ஃப்யூஸைப் பிடுங்கிவிட்டுத்தான் வயர் இழுத்தான். உள்ளே ஒரு மிஷின் ஓடிக்கொண்டிருந்தது யாருக்கு ஞாபகம் இருக்கும்? அதை ஒழுங்காக மூடாமல் கரண்டைப் பிடுங்கினதில், அந்த நொடியில் எழுதிக்கொண்டிருந்த ஃபைல் பாதியில் நின்று கெட்டிருக்கிறது. அதற்கப்புறம் திறக்கிற போதெல்லாம் கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து.

மறுநாள் காலையில் என் எக்ஸ்பி சிடியோடு போனேன். ஹாலில் எனக்கு ஒரு நாற்காலி, பாய்க்கு ஒரு நாற்காலி. அறை வாசலில் பச்சைத் திரை. அடியில் கம்ப்யூட்டர் மேஜையின் கால் மட்டும் தெரிந்தது. என் குணம் சும்மா இருக்குமா? திரைப் பக்கம் திரும்பி, நீங்கள் வேறு அறைக்குப் போய்விட்டால் நானே உள்ளே வந்து பத்து நிமிஷத்தில் முடித்துவிடுவேன், எதற்கு இந்தச் சுற்று என்று கேட்டேன். திரைக்கு உள்ளேயிருந்து லத்திபா நிதானமாகச் சொன்னாள்.

"தப்பாப் போச்சுன்னா அது எங்கையால போனதா இருக்கட்டும்ணே. வேற ஒரு ஆளைக் கோவிச்சுக்கிட்டே காலம்பூரா இருக்க என்னால ஆகாது."

பாயிடம் சிடியைக் கொடுத்தேன், அவர் திரையை விலக்காமல் கையை மட்டும் நீட்டி உள்ளே கொடுத்தார்.

செய்ய வேண்டியது இதுதான். விண்டோஸ் போடுகிற அன்றைக்கே தன்னுடைய முக்கியமான ஃபைல்களுக்கு ஒரு பிரதி எடுத்துத் தனி ஃபோல்டரில் வைத்துக்கொள்ளும். கெட்டுப்போன ஃபைலின் பெயரை மாற்றி ஒதுக்கிவிட்டு, அந்தப் பிரதியைக் கொண்டுவந்து அதன் இடத்தில் வைத்தால் முக்கால்வாசி மிஷின் எழுந்துவிடும். கையால் செய்தால் ஒன்றுமே இல்லை. வாயால் செய்வது தனி வேதனை. சிடியிலிருந்து கறுப்புத் திரைக்குள் போக வேண்டும், அங்கே மவுஸ் கிடையாது, ஒவ்வொரு கட்டளையையும் எழுத்து எழுத்தாக அடிக்க வேண்டும். நான் கண்ணை மூடிக்கொண்டு அந்தத் திரையை மனதில் வைத்துக்கொண்டு சொல்லச் சொல்ல, அவள் அடித்து, அடித்ததைத் திரும்ப வாசித்து, நான் சரி என்ற பிறகுதான் என்டர் தட்டுவாள். உத்தமபாளையத்தில் டைப்ரைட்டிங் லோயர் பாஸ் பண்ணினவளாம். சாவிகள் சீராகக் கேட்டன. ஒரு இடத்தில் சாய்கோட்டை மாற்றிப் போட்டுவிட்டாள், நான் கத்திவிட்டேன். பாய் என்னைத் திரும்பிப் பார்த்தார். எனக்கே வெட்கமாகப் போயிற்று. அவள் அழித்துத் திரும்ப அடித்தாள்.

ஒரு ஃபைல் காப்பி ஆனது என்று வந்திருக்கிறது என்றாள். வெளியே வரச் சொன்னேன். மிஷின் அணைந்து, திரும்பப் போட்டு, நாங்கள் மூணு பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தோம். விண்டோஸ் எழுந்து வருகிற படம் தெரிகிறது என்று அவள் சொன்னபோது பாய் ரெண்டு கையாலும் முகத்தைத் தடவிக்கொண்டார்.

பாங்கு பதிந்த ஃபைல் இருந்த இடத்திலேயே இருந்தது. சத்தம்தான் வரவில்லை. பழைய பிரதியை வைத்ததால் மிஷினுக்கு ஸ்பீக்கர் மறந்துபோயிருந்தது. அதற்குரிய டிரைவர் சிடியை இத்ரீசின் துணிப்பெட்டியிலிருந்து தேடி எடுத்து, அதையும் நான் சொல்லச் சொல்ல அவளே போட்டாள். பிள்ளைக்கு முன்னால் கேட்க மாட்டேன் என்றிருந்தவள்தான், ஆனால் சரியாக இருக்கிறதா என்று பார்க்காமல் எப்படி? ஒரே ஒரு தடவை என்று போட்டாள்.

இத்ரீசின் குரல் வந்தது. அவ்வளவு நல்ல குரல் என்று எனக்குத் தெரியாது. லாரி டிரைவர் என்றால் நமக்கு ஹாரன் சத்தம்தானே ஞாபகம் வரும். நிதானமாக, இழுத்து இழுத்துச் சொன்னான். அல்லாஹு அக்பர் நாலு தடவை. பாய் தலையைக் குனிந்துகொண்டார். எனக்கு அரபி தெரியாது. ஆனால் நாற்பது வருஷமாகப் பள்ளிவாசலுக்குப் பின் தெருவில் குடியிருக்கிறேன், ஒவ்வொரு வரிக்கும் அடுத்த வரி எது என்று காதுக்குத் தெரியும். ஹய்ய அலஸ் ஸலாஹ் என்று ரெண்டாவது தடவை இழுத்தான். அதோடு நின்றுவிட்டது.

மூணு பேரும் காத்திருந்தோம். அவள் திரும்பப் போட்டாள். அதே இடத்தில் நின்றது.

நீளம் எவ்வளவு போட்டிருக்கிறது என்று கேட்டேன். அறுபது செகண்டு என்றாள்.

"நான் எதையும் தப்பா அடிச்சிட்டேனாண்ணே?"

பொய் சொல்ல ஒரு வாய்ப்பு இருந்தது. ஃபைல் கெட்டதில் மிச்சம் போய்விட்டது, ஃப்யூஸைப் பிடுங்கினவன் செய்த வேலை என்று சொல்லியிருக்கலாம். யாரையாவது கோபித்துக்கொண்டே இருக்க முடியாது என்று அவள் சொன்னது காதில் நின்றது. உண்மையைச் சொன்னேன். விண்டோஸோடு வருகிற அந்த ரெக்கார்டர் ஒரு நிமிஷத்தில் தானாக நின்றுவிடும். மேலே பதிய வேண்டும் என்றால் சிவப்புப் பொத்தானைத் திரும்ப அமுக்க வேண்டும். இத்ரீசுக்கு அதைச் சொல்லிக்கொடுத்தது நான். எப்படி ஆரம்பிப்பது என்று சொன்னேன், எப்படி சேவ் பண்ணுவது என்று சொன்னேன், இதைச் சொல்லவில்லை. ஒரு நிமிஷத்துக்கு மேல் மைக்கில் யார் பேசப் போகிறார்கள் என்று விட்டுவிட்டேன்.

"கண்ணை மூடிக்கிட்டுத்தான் சொன்னாக," என்றாள் லத்திபா. "முழுசும் சொன்னாக. நான் பக்கத்துலதான் உக்காந்திருந்தேன். முடிச்சிட்டுத்தான் கண்ணைத் தொறந்தாக."

அப்புறம் சரிண்ணே என்றாள். அவ்வளவுதான். என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஊரில் உள்ளவனையெல்லாம் மூளை இல்லாதவன் என்று சொல்லிக்கொண்டு திரிந்த என் வாய் அன்றைக்கு எங்கே போனது என்று தெரியவில்லை. பாய் கொடுத்த டீயைக்கூடக் குடிக்காமல் எழுந்து வந்துவிட்டேன்.

மறுநாள் கூப்பிடாமலே போய் நின்றேன். யோசித்துப் பார்த்ததில் ஒன்று தோன்றியிருந்தது. மிச்சம் இருக்கிற வரிகளைச் சொல்லுங்கள் என்று பாயிடம் கேட்டேன். ஹய்ய அலல் ஃபலாஹ் ரெண்டு தடவை, அல்லாஹு அக்பர் ரெண்டு தடவை, கடைசியில் லா இலாஹ இல்லல்லாஹ். அல்லாஹு அக்பரை அவன் ஆரம்பத்திலேயே சொல்லியிருக்கிறான். லா இலாஹ இல்லல்லாஹ் நடுவில் இன்னொரு வரிக்குள் இருக்கிறது. வெட்டி எடுத்துக் கடைசியில் ஒட்டினால் எல்லாம் அவன் குரலிலேயே வந்துவிடும் என்றேன். திரைக்கு உள்ளேயிருந்து நாற்காலி இழுபடுகிற சத்தம் கேட்டது.

அன்று முழுக்க அவள் வெட்டி ஒட்டினாள், நான் சொல்லிக்கொண்டிருந்தேன். நிறைமாத வயிற்றோடு அந்த நாற்காலியில் அவள் எப்படி உட்கார்ந்திருந்தாளோ. சாயங்காலத்துக்குள் எல்லாம் சேர்ந்துவிட்டது, ஒரு வரியைத் தவிர. ஹய்ய அலல் ஃபலாஹ். வெற்றிக்கு வாருங்கள் என்று அர்த்தம் என்று பாய் சொன்னார். அந்தச் சொல் அந்த ஒரு நிமிஷத்தில் எங்குமே இல்லை. வேறு ஏதாவது பதிந்தது உண்டா என்று தேடினார்கள். கல்யாண வீடியோவில் அவன் வாய் திறந்து சொன்னது சம்மதம் என்கிற ஒரு வார்த்தைதான். இன்டர்நெட்டில் பேசினதை யாரும் பதிந்து வைக்கவில்லை. கடைசியில் அந்த இடத்தில் அதை ரெண்டு தடவை சொல்கிற நேரத்தை வெறுமனே விட்டு வைத்தோம். பாய் தன் செல்போனை ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் வைத்து அதில் பதிந்துகொண்டார்.

இது செல்லுமா என்று பள்ளிவாசலில் தொழுகை நடத்துகிற ஹஜ்ரத்திடமும் பாய் கேட்டிருக்கிறார். உயிரோடு இருக்கிற ஒருவர் வாயால் சொன்னால்தான் பாங்கு, மிஷின் சொல்வது கணக்கில் வராது, தகப்பன் குரலைப் பிள்ளை கேட்பதில் குற்றம் இல்லை என்றாராம் அவர். அப்படியானால் செல்போனைப் பிள்ளை காதுப் பக்கம் வைத்துக்கொண்டு, மகன் குரலோடு சேர்ந்து நானும் சொல்லிவிடுகிறேன், ரெண்டும் ஆயிற்று என்று பாய் முடிவு பண்ணினார். விட்டுப்போன வரியை அவர் பார்த்துக்கொள்வார். எனக்கும் அது பெரிய ஆறுதலாக இருந்தது.

பத்து நாள் கழித்துப் பெண் பிள்ளை பிறந்தது. அதற்கு மூணாம் நாள் பாய் கடைக்கு வந்தார். கையில் சீனி மிட்டாய்ப் பொட்டலம். தாயும் பிள்ளையும் சுகம், பிள்ளைக்கு அப்படியே அவன் நெற்றி என்றார். பாங்கு நல்லபடியாக முடிந்ததா என்று கேட்டேன். பாய் ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"அவன் கூடவேதான் சொல்லிக்கிட்டு வந்தேன் ராஜமணி. ஒவ்வொரு வரிக்கும் கூட இருந்தான். பக்கத்துல நின்னு ரெண்டு பேரும் சேந்து சொல்ற மாதிரியே இருந்துச்சு. மூணு மாசமா அவன் போயிட்டான்னு எல்லாரும் சொல்றாக, நானும் ஆமாம்னுதான் சொல்லிக்கிட்டிருந்தேன். மண்ணையும் பாக்கல, முகத்தையும் பாக்கல, எங்கிட்டு நம்புறது? அந்த வரி வந்துச்சு. நான் மட்டும் சொன்னேன். அவன் சொல்லல. அங்கனதான்ப்பா எனக்கு எம்மகன் மவுத்தானான்."