நாகன் இறங்கும் இடம்

தொப்பூர் ஏற்றத்தில் இஞ்சின் மறுபடியும் செத்த மறுநாள், சென்னப்பன் லாரியின் எண்ணெய்த் தொட்டியைக் கழற்றித் தரையில் போட்டார். யுத்தம் முடிந்து ராணுவம் ஏலம் விட்ட, குருடாயில் என்கிற டீசலில் ஓடும் வண்டி. ஓட்டுவது அவர் மகன் மாதேஸ். இந்த முறை நின்றதும் வண்டி பின்னால் உருண்டு, ஒரு சக்கரம் பள்ளத்து ஓரத்தில் வந்து தொங்கியிருக்கிறது. அதைக் கேட்டதிலிருந்து கிழவருக்குச் சோறு இறங்கவில்லை.

தொட்டிக்குள் கை விட்டார். எண்ணெய் உறிஞ்சும் குழாய் முன்பக்கமாக, பாதி ஆழத்திலேயே நின்றுவிட்டிருந்தது. ஏற்றத்தில் எண்ணெயெல்லாம் பின்னால் ஓடும். குழாய் காற்றைக் குடிக்கும். இஞ்சின் நிற்காமல் என்ன செய்யும்?

"இதாண்டா உம் பேயி."

மாதேஸ் சிரிக்கவில்லை. "நாகண்ணன் ஓட்டறப்ப ஒருநாளும் நிக்கலையேப்பா?"

"அவன் தொட்டிய ரொப்பிக்கிட்டு வந்திருப்பான். நீங்க எண்ணெய வித்துத் தின்றீங்க."

நாகன் இந்த வண்டியின் பழைய டிரைவர். சேலத்தில் மூட்டை ஏற்றும்போதே மாரைப் பிடித்துக்கொண்டு செத்தான். பிணத்தை இதே வண்டியில் கொண்டுவந்தபோதுதான், ஏற்றத்து வளைவில் அவன் வீட்டுக்கு எதிரே, முதன்முதலாக இஞ்சின் நின்றது. அன்றிலிருந்து சேலத்திலிருந்து ஏறிவரும் ஒவ்வொரு நடையும் அங்கே நிற்கிறது. நின்றதும் இடது கதவு தானாகத் திறக்குமாம். சக்கரத்துக்கு மேல் பாரம் தாங்கும் வில்பட்டை கிறீச்சென்று நிமிருமாம், ஆள் இறங்கினாற்போல. எல்லாம் மாதேஸ் சொன்னது. தாழ்ப்பாள் தேய்ந்திருக்கும், பட்டையில் மசகு வறண்டிருக்கும் என்றார் கிழவர். யார் சொன்னதையும் அவர் நம்பியவரில்லை.

குழாயோடு செம்புத்துண்டு ஒன்றைப் பற்றவைத்துத் தொட்டியின் பின்மூலை வரை இறக்கினார். கசடு ஏறாதிருக்க நுனியில் சல்லடை கட்டினார். பட்டைக்கு மசகு போட்டார். கதவுக்கும் புதுத் தாழ்ப்பாள் போட்டார்.

அடுத்த நடைக்கு அவரே கூடப் போனார். திரும்பும்போது உப்பு லோடு. வேண்டுமென்றே மகனை ஒட்டி உட்கார்ந்து, இடது கதவோரத்தைக் காலியாக விட்டார்.

வளைவில் வெயில் சுட்டெரித்தது. நாகன் பெண்டாட்டி சின்னக்கா வழக்கம்போலத் தண்ணிச் செம்போடு ரோட்டோரம் நின்றாள். இஞ்சின் ஒருதரம்கூட விக்கவில்லை. சீராக ஏறியது. சின்னக்கா கிழவரைப் பார்க்கவில்லை. அவருக்குப் பக்கத்தில், கதவோரக் காலி இடத்தைப் பார்த்தாள். அவள் முகம் மாறியது. செம்பைப் போட்டுவிட்டுப் பின்னால் ஓடிவந்தாள்.

"நிறுத்துங்க! அவரு இன்னும் எறங்கலீங்க!"

கதவில் தட்டும் சத்தம் கேட்டது. இரண்டு தட்டு. நிறுத்தச் சொல்லிக் கிளீனர்கள் தட்டுகிற மாதிரி. கிளீனர் இல்லாமல் வந்த வண்டி அது.

"அப்பா, நிறுத்திரட்டா?"

"நின்னா உருளும். மிதிடா."

தட்டு நிற்கவில்லை. மேட்டைத் தாண்டிய பிறகுதான் ஓய்ந்தது.

தர்மபுரி மண்டியில் மூட்டை முழுவதும் இறக்கினார்கள். வலதுபக்கப் பட்டை நிமிர்ந்தது. இடது நிமிரவில்லை. கிழவர் அதைத் தட்டிப் பார்த்தார், தோள் கொடுத்துத் தூக்கிப் பார்த்தார். அசையவில்லை. மாதேஸ் எட்டத்தில் ஒரு கல்லின்மேல் உட்கார்ந்திருந்தான்.

"எறங்காத ஆள வெச்சிக்கிட்டு நாளைக்கு நான் எப்படிப்பா ஓட்டறது?"

கிழவர் வண்டிக்கு அடியில் போய்த் தொட்டியைக் கழற்றினார். குழாயை எடுத்துக்கொண்டு வெளியே வந்து, இடது கதவடியில் உட்கார்ந்து, தான் பற்றவைத்த இடத்தின்மேல் ரம்பத்தை வைத்தார். அறுத்தால் வண்டி பழையபடி வளைவில் நிற்கும், இறங்குகிறவன் இறங்குவான். நின்றால் உருளும். மகனைப் பார்த்தார். ரம்பம் வைத்த இடத்திலேயே இருந்தது.

தலைக்குமேல் ஏதோ உரசியது. நிமிர்ந்தார். மூடிய கதவில் அவர் போட்ட புதுத் தாழ்ப்பாள் மெல்ல மேலே போனது, கீழே வந்தது, மறுபடி மேலே போனது, பழக்கமில்லாத கை ஒன்று தடவித் தடவித் திறக்கப் பார்ப்பதுபோல.